ஸ்கேன் எண் மட்டும் போதாது: சிறுநீரக நோயாளிகளின் எலும்பு இழப்பைக் கண்டுபிடிப்பது எப்படி?

கிட்னியில் கோளாறு என்று தெரிந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு சொல் பழகிப்போகும்: கிரியாட்டினின். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண் அது. கல்யாண வீட்டில் பார்த்தாலும் சரி, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் பார்த்தாலும் சரி, “கிரியாட்டினின் இப்ப எவ்வளவு இருக்கு?” என்றுதான் சொந்தக்காரர்கள் விசாரிப்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் “எலும்பு எப்படி இருக்கு?” என்று யாரும் கேட்பதில்லை. வீட்டில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்த பிறகுதான், அந்த எலும்பு பல வருடமாகவே பலமிழந்து வந்திருக்கிறது என்பது தெரியவருகிறது.

நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு எலும்பு முறியும் ஆபத்து மற்றவர்களைவிட மிகவும் அதிகம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிவது நான்கு மடங்குக்கும் மேல் என்று அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. அதுவும் ஆண், பெண் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில். எலும்புப்புரை என்றால் வயதான பெண்களுக்கு வருவது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். கிட்னி நோயில் அந்தக் கணக்கு செல்லாது. ஐம்பது வயது ஆணுக்கும் வரும், அதைவிடக் குறைந்த வயதிலும் வரும்.

இதைக் கண்டுபிடிக்க என்னென்ன பரிசோதனைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு ஒரு ஸ்கேன் எடுத்து, எண்ணைப் பார்த்து, மருந்து தொடங்கிவிடலாம். கிட்னி நோயாளிக்கு அப்படி முடியாது. ஒரே ஸ்கேன் எண் வந்த இரண்டு பேருக்கு நேர் எதிரான வைத்தியம் தேவைப்படலாம். அதனால்தான் இலவச எலும்புப் பரிசோதனை முகாமில் கொடுத்த சீட்டை நம்பி கால்சியம் மாத்திரையோ எலும்பு ஊசியோ தொடங்கக் கூடாது என்று இவ்வளவு வலியுறுத்த வேண்டியிருக்கிறது.

கிட்னிக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்?

சிறுநீரகம் கழிவை வடிகட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு வேறு இரண்டு வேலைகளும் உண்டு. சாப்பாட்டில் வரும் பாஸ்பரஸில் தேவைக்கு மிஞ்சியதைச் சிறுநீரில் வெளியேற்றுவது ஒன்று. வைட்டமின் டியை உடம்புக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றுவது இன்னொன்று.

இந்த இரண்டாவது வேலையைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். வெயில் படும்போது தோலில் வைட்டமின் டி உருவாகிறது. அது முதலில் கல்லீரலுக்குப் போய் ஒரு மாற்றம் அடைகிறது. அப்புறம் சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம். அந்தக் கடைசி மாற்றம் நடந்தால்தான் குடலில் இருந்து கால்சியத்தை நன்றாக உறிஞ்ச முடியும். அது சிறுநீரகத்தில்தான் நடக்கிறது என்பதை 1970இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஃபிரேசர், கோடிசெக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். “திருநெல்வேலி வெயிலில் இருக்கிறவங்களுக்கு வைட்டமின் டி எப்படிக் குறையும்?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். வெயில் எவ்வளவு இருந்தாலும் கடைசி மாற்றத்தைச் செய்ய வேண்டிய கிட்னி பழுதானால் அந்த வைட்டமின் முழுமையாகப் பயன்படாது. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் காலையில் இருந்து பொழுது சாய்கிற வரை வீட்டுக்குள் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களுக்கு அந்த வெயிலும் படுவதில்லை.

சரி, கிட்னி பழுதாகத் தொடங்கினால் என்ன நடக்கும்? பாஸ்பரஸ் வெளியேறுவது குறைகிறது. அதைச் சமாளிக்க எலும்பில் உள்ள செல்கள் எஃப்.ஜி.எஃப்-23 என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கின்றன. அது மிச்சமிருக்கும் சிறுநீரகத்தை விரட்டி, பாஸ்பரஸை வெளியே தள்ள வைக்கிறது. ஆனால் அதே ஹார்மோன் வைட்டமின் டியின் கடைசி மாற்றத்தையும் தடுக்கிறது. அதனால் கால்சியம் குறையப் பார்க்கிறது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பாராதைராய்டு என்று நான்கு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் அவை பொறுக்காது. பி.டி.எச். என்ற ஹார்மோனைச் சுரந்து, எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை ரத்தத்துக்குக் கொண்டுவரும். ரத்தத்தில் கால்சியம் சரியான அளவில் இருப்பது இதயத்துக்கும் தசைக்கும் உயிர்நாடியான விஷயம். அதற்காக உடம்பு எலும்பை விட்டுக்கொடுக்கிறது.

இதனால்தான் நோயின் ஆரம்ப வருடங்களில் கால்சியம், பாஸ்பரஸ் இரண்டும் லேப் சீட்டில் நார்மலாகவே இருக்கும். நார்மல் என்று பார்த்ததும் நிம்மதியாகிவிடுகிறோம். அந்த நார்மலைக் காப்பாற்ற எலும்பு விலை கொடுத்துக்கொண்டிருக்கும்.

இந்தக் கோளாறுகள் பொதுவாக மூன்றாம் கட்டத்தில், அதாவது சிறுநீரக வடிகட்டும் திறனைக் காட்டும் இ-ஜிஎஃப்ஆர் எண் 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நிற்கும்போது, தெரியத் தொடங்கும். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு யோசிக்க வேண்டிய விஷயம் என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஒரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். மூட்டு வலிக்குப் போனால் “முழங்கால் தேய்மானம்” என்று சொல்வார்களே, அது மூட்டுக்கு இடையில் உள்ள குருத்தெலும்பு தேய்வது. இங்கே பேசுவது எலும்பே உள்ளுக்குள் பலம் குறைவது. முழங்கால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டதால் இந்தச் சோதனை முடிந்ததாக அர்த்தமில்லை.

எண் ஒன்று, நோய் இரண்டு

எலும்பு பிறந்ததில் இருந்து அப்படியே இருக்கும் பொருள் இல்லை. பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. கிட்னி நோயில் இந்த வேலையின் வேகம் கெடுகிறது. அது இரண்டு பக்கமும் கெடலாம் என்பதுதான் சிக்கல்.

தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் ஒரு குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாதிக்கும் கீழே இறங்கிக் கிடக்கிறது. கால்வாயில் தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கிறது, ஆனால் மடை முழுசாகத் திறந்துகிடப்பதால் வருவதைவிடப் போவது அதிகமாக இருக்கலாம். அல்லது கால்வாய் தூர்ந்து வரத்து நின்று, மடையும் மூடி, கிடக்கிற தண்ணீர் அப்படியே தேங்கிக் கிடக்கலாம். கரையில் நின்று நீர்மட்டத்தைப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். முதல் குளத்துக்கு மடையை அடைக்க வேண்டும். இரண்டாவது குளத்தில் மடையை அடைத்து என்ன பயன்?

எலும்பு அடர்த்தி ஸ்கேன் காட்டுவது நீர்மட்டத்தை மட்டும். பி.டி.எச். மிக அதிகமாகி, எலும்பு வேகவேகமாகக் கரைந்தும் அவசர அவசரமாகக் கட்டப்பட்டும் இருப்பது ஒரு வகை. இதில் எலும்பின் வெளி ஓடு, அதாவது கெட்டியான பகுதி, அதிகம் அரிக்கப்படும். கரைப்பதும் கட்டுவதும் இரண்டுமே ஏறக்குறைய நின்றுபோவது இன்னொரு வகை. இதைச் செயலற்ற எலும்பு நோய் என்று சொல்லலாம். வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், கால்சியமும் வைட்டமின் டி மருந்தும் தேவைக்கு மேல் எடுத்தவர்கள், பாராதைராய்டு சுரப்பியை அறுவை செய்து எடுத்தவர்கள் ஆகியோரிடம் இது அதிகம். அன்றாடம் விழும் நுண்ணிய விரிசல்களைச் சரிசெய்ய ஆளில்லாததால் எலும்பு முறியும். கால்சியத்தை வாங்கிக்கொள்ள எலும்பு தயாராக இல்லாததால், விழுங்கிய கால்சியம் ரத்தக்குழாய்ச் சுவரில் போய்ப் படியும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. எலும்பின் மூலப்பொருள் உருவாகியும் அதில் கால்சியம் சேர்ந்து இறுகாமல் மென்மையாகவே இருப்பது. வைட்டமின் டி மிகவும் குறைந்தால் இது வரும். அலுமினியத்தாலும் வரும். 1970களில் இங்கிலாந்தின் நியூகாசிலில் டயாலிசிஸ் செய்துகொண்ட பலருக்கு எலும்பு முறிவு வந்து, டயாலிசிஸுக்குப் பயன்படுத்திய தண்ணீரில் இருந்த அலுமினியம்தான் காரணம் என்று தெரியவந்தது. இன்று டயாலிசிஸ் தண்ணீரை ஆர்.ஓ. முறையில் சுத்திகரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் நெஞ்செரிச்சலுக்கு மெடிக்கலில் வாங்கிக் குடிக்கும் சில திரவ மருந்துகளில் அலுமினியம் ஹைட்ராக்சைடு இன்றும் இருக்கிறது. கிட்னி நோயாளி அதைப் பழக்கமாகக் குடிக்கக் கூடாது.

ஆக, மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: எலும்பு எவ்வளவு இருக்கிறது, எந்த வேகத்தில் மாறுகிறது, சரியாக இறுகுகிறதா. சர்வதேச சிறுநீரக வழிகாட்டு அமைப்பான கே.டி.ஐ.ஜி.ஓ. 2006இல் இந்த நோய்க்கூட்டத்துக்குப் பொதுப் பெயர் வைத்தபோது எலும்பை இந்த மூன்று அளவுகோல்களால்தான் விவரிக்கச் சொன்னது.

ரத்தப் பரிசோதனைகள்: இங்கேதான் தொடங்க வேண்டும்

வேகத்தைத் தெரிந்துகொள்ள ரத்தம்தான் முதல் வழி. கால்சியம், பாஸ்பரஸ், பி.டி.எச்., ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி. இந்த ஐந்தையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இவற்றில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது பி.டி.எச். பல லேப்களில் நார்மல் அளவு 15 முதல் 65 வரை என்று போட்டிருக்கும். டயாலிசிஸ் நோயாளிக்கு 250 என்று வந்தால், பக்கத்தில் தடித்த எழுத்தில் அதிகம் என்று அச்சாகி வரும். வீட்டில் பதறிப்போவார்கள். ஆனால் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு அந்த லேபின் மேல் எல்லையைப் போல இரண்டு முதல் ஒன்பது மடங்கு வரை இருக்கலாம் என்பதே கே.டி.ஐ.ஜி.ஓ. சொல்லும் வரம்பு. மேல் எல்லை 65 என்றால் 130இல் இருந்து 585 வரை. அவர்களுடைய எலும்பு பி.டி.எச்.சுக்கு முன்போல் பணியாது, அதனால் கொஞ்சம் அதிகமாகவே தேவைப்படுகிறது. டயாலிசிஸ் நோயாளிக்கு 40 என்று வந்து, நார்மல் என்று அச்சாகியிருந்தால் அதுதான் யோசிக்க வேண்டிய எண். எலும்பு வேலையை நிறுத்திவிட்டதோ என்று பார்க்க வேண்டும்.

ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்து முடிவு செய்வதும் சரியில்லை. 300, 420, 610 என்று ஏறிக்கொண்டே போகிறதா, 500, 480, 510 என்று ஓரிடத்தில் நிற்கிறதா என்பதுதான் முக்கியம். லேபுக்கு லேப் பயன்படுத்தும் கிட் வேறு என்பதால் எண்ணும் வேறுபடும். முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள். இன்னொரு சின்ன விஷயம்: முடி கொட்டுவதற்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை ரத்தம் எடுப்பவரிடம் சொல்ல வேண்டும். சில கிட்களில் பயோட்டின் பி.டி.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டிவிடும்.

ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் மலிவான பரிசோதனை. எலும்பு கட்டும் செல்கள் அதைச் சுரக்கின்றன. பி.டி.எச்.சும் இதுவும் சேர்ந்து நன்றாக ஏறியிருந்தால் எலும்பு வேகமாக மாறுகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். இரண்டும் சேர்ந்து கீழே கிடந்தால் செயலற்ற எலும்பாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கல்லீரலிலும் பித்தநாளத்திலும் கோளாறு இருந்தாலும் இது ஏறும். அந்தச் சந்தேகம் வந்தால் எலும்பில் இருந்து வருவதை மட்டும் தனியாக அளக்கும் பரிசோதனை உண்டு, விலை கூடுதல்.

சி.டி.எக்ஸ். என்று ஒரு பரிசோதனையையும் சில எலும்பு டாக்டர்கள் எழுதுவார்கள். எலும்பு கரையும்போது வெளிவரும் துணுக்கை அளப்பது அது. கிட்னி நன்றாக இருப்பவருக்குப் பயன்படும். கிட்னி பழுதானவருக்கு அந்தத் துணுக்கு வெளியேறாமல் ரத்தத்திலேயே சேர்ந்துவிடும், எண் தானாக ஏறித் தெரியும். அதை வைத்து எலும்பு கரைகிறது என்று முடிவுகட்ட முடியாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? மூன்றாம் கட்டத்தில் கால்சியமும் பாஸ்பரஸும் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை. நான்காம் கட்டத்தில் மூன்று முதல் ஆறு மாதம், பி.டி.எச். ஆறு முதல் பன்னிரண்டு மாதம். ஐந்தாம் கட்டத்திலும் டயாலிசிஸிலும் கால்சியம், பாஸ்பரஸ் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பி.டி.எச். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இது பொதுவான வழிகாட்டுதல். மருந்து மாற்றியிருந்தால் இன்னும் அடிக்கடி பார்க்கச் சொல்வார்கள்.

டெக்ஸா ஸ்கேன்

எலும்பு அடர்த்தியை அளக்க உலகம் முழுக்க நம்பப்படும் கருவி டெக்ஸா. மேஜையில் படுத்திருக்க வேண்டும், மேலே ஒரு கை போன்ற கருவி நகர்ந்து போகும். ஊசி கிடையாது, வலி கிடையாது, பத்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். எக்ஸ்ரே கதிர்தான், ஆனால் அளவு மிகமிகக் குறைவு. வெள்ளி அரைஞாண் கொடி, தாயத்து, இடுப்பில் செருகிய சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். உலோகம் படத்தில் விழுந்தால் கணக்கு தப்பும். அன்றைக்குக் கால்சியம் மாத்திரை வேண்டாம். சமீபத்தில் பேரியம் குடித்தோ, மருந்து ஏற்றியோ வேறு ஸ்கேன் எடுத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முடிவு டி-ஸ்கோர் என்ற எண்ணாக வரும். ஆரோக்கியமான இளம் வயதினரின் அடர்த்தியில் இருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பதே அது. மைனஸ் 1 வரை நார்மல். மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் நடுவில் இருந்தால் அடர்த்தி குறைவு. மைனஸ் 2.5ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை. 1994இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லைகள் இவை.

கிட்னி நோயாளிகளுக்கு டெக்ஸா எடுப்பதைப் பற்றி நிபுணர்களுக்குள்ளேயே நிறைய விவாதம் நடந்திருக்கிறது. முற்றிய கிட்னி நோயில் அந்த எண் முறிவை முன்கூட்டியே சொல்லாது என்று கருதி, வழக்கமாக எடுக்க வேண்டாம் என்றுதான் கே.டி.ஐ.ஜி.ஓ.வின் 2009 வழிகாட்டுதல் சொன்னது. அதற்குப் பிறகு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் வந்தன. அடர்த்தி குறைந்தவர்களுக்கு முறிவும் அதிகம் என்பது கிட்னி நோயாளிகளிடமும் உறுதியானது. 2017இல் வழிகாட்டுதலை மாற்றினார்கள்: முடிவைப் பார்த்து வைத்தியம் மாறப்போகிறது என்றால், எடுத்துப் பாருங்கள். “கிட்னி பேஷண்டுக்கு இந்த ஸ்கேன் தேவையில்லை” என்று யாராவது சொன்னால் அது பழைய பாடம்.

எங்கே எடுக்கிறார்கள் என்பது நம் விஷயத்தில் ரொம்ப முக்கியம். வழக்கமாக முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதி, இடுப்பு இரண்டையும் எடுப்பார்கள். முதுகுத்தண்டுக்கு முன்னால்தான் பெரிய ரத்தக்குழாய் இறங்குகிறது. கிட்னி நோயாளிகளுக்கு அதன் சுவரில் கால்சியம் படிந்திருக்கும். ஸ்கேன் அதையும் எலும்போடு சேர்த்துக் கணக்குப் போடுவதால் முதுகு எண் நன்றாக இருப்பதுபோல் வரலாம். வயதானால் முள்ளெலும்பில் வளரும் முனைப்புகளும் இதே பொய்யைச் சொல்லும். அதனால் முதுகு நார்மல், இடுப்பு மைனஸ் 2.6 என்று வந்தால் இடுப்பைத்தான் நம்ப வேண்டும்.

முன்கையையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மணிக்கட்டுக்கு மேலே, முன்கை எலும்பின் மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் உள்ள இடம் கிட்டத்தட்ட முழுக்கக் கெட்டியான ஓட்டு எலும்பு. பி.டி.எச். முதலில் அரிப்பது அதைத்தான். இடுப்பும் முதுகும் சுமாராக இருக்கும்போதே அங்கே இழப்பு தெரிந்துவிடும். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா போட்ட கையில் எடுக்க வேண்டாம், மற்றக் கையில் எடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது அந்த இலவச முகாம்களுக்கு வருவோம். குதிகாலை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து, ஒரு நிமிடத்தில் சீட்டு கொடுப்பார்கள். அது பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் கருவி. அதில் வரும் எண்ணையும் டி-ஸ்கோர் என்றே எழுதுவார்கள். ஆனால் மைனஸ் 2.5 என்ற எல்லை டெக்ஸாவுக்காக வகுத்தது, குதிகால் எண்ணுக்கு அது பொருந்தாது. அந்தச் சீட்டை வைத்து நோய் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. முகாமுக்குப் போவதில் தப்பில்லை, அதற்குப் பக்கத்திலேயே விற்கும் மாத்திரை டப்பாவை வாங்கிவிடாதீர்கள்.

எக்ஸ்ரேயும் பயாப்ஸியும்

சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு இழப்பு தெரிய வேண்டுமானால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது போயிருக்க வேண்டும். அதனால் ஆரம்பத்தில் கண்டுபிடிக்க அது உதவாது. முற்றிய நிலையில் ஆள்காட்டி விரல், நடுவிரல் எலும்புகளின் ஓரத்தில் அரிப்பு தெரியும்.

ஆனால் பக்கவாட்டில் எடுக்கும் முதுகு எக்ஸ்ரே வேறு ஒன்றுக்கு உதவும். முள்ளெலும்பு நசுங்குவது பல நேரம் வலியே இல்லாமல் நடக்கும். “வயசாகிட்டுல்ல, கூன் விழத்தானே செய்யும்” என்று ஆச்சிகளைப் பார்த்துச் சொல்லிவிடுகிறோம். அந்தக் கூனுக்குள் இரண்டு மூன்று முள்ளெலும்புகள் முறிந்திருக்கலாம். அப்படி ஒன்று முறிந்திருப்பது தெரிந்தால், டி-ஸ்கோர் எப்படி இருந்தாலும், அந்த எலும்பு பலவீனமானதுதான். அதே படத்தில் ரத்தக்குழாயில் கால்சியம் படிந்திருப்பதும் தெரியும்.

எலும்பின் வேகத்தையும் இறுக்கத்தையும் சந்தேகமே இல்லாமல் சொல்வது எலும்பு பயாப்ஸி. செய்யும் முறையே அழகானது. டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைச் சில நாள் கொடுத்து, பத்துப் பதினைந்து நாள் இடைவெளி விட்டு மறுபடி கொடுப்பார்கள். புதிதாகக் கட்டப்படும் எலும்பில் அந்த மருந்து போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு இடுப்பின் மேல்விளிம்பில் மரத்துப்போகும் ஊசி போட்டு ஒரு சிறு துண்டு எடுத்து, சிறப்பு ஒளியில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரண்டு ஒளிரும் கோடுகள் தெரியும். இரண்டு கோட்டுக்கும் இடையில் உள்ள தூரம்தான் அந்த நாட்களில் எலும்பு வளர்ந்த அளவு. செயலற்ற எலும்பில் கோடே விழாது. ஆனால் இதைச் செய்து படித்துச் சொல்லும் நிபுணர்கள் குறைவு. ரத்தமும் ஸ்கேனும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும்போது, காரணம் தெரியாமல் முறிவு வரும்போது, வலுவான மருந்து தொடங்கும் முன் சந்தேகம் தீராதபோது மட்டும்தான் பெரும்பாலும் இதற்குப் போவார்கள்.

எண்களைச் சேர்த்துப் படித்தால்

கற்பனையாக இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவரும் டயாலிசிஸில் இருக்கிறார்கள், இருவருக்கும் இடுப்பு டி-ஸ்கோர் மைனஸ் 2.8. முதலாமவர் ஆலங்குளத்துக்காரர், 45 வயது. பி.டி.எச். ஒரு வருடத்தில் 600இல் இருந்து 1,100க்கு ஏறியிருக்கிறது, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் எக்கச்சக்கம், பாஸ்பரஸும் அதிகம். இவருக்குப் பாஸ்பரஸைக் குறைத்து, பி.டி.எச்.சை அடக்கும் மருந்து வேண்டும். அடங்காவிட்டால் சுரப்பியை அறுவை செய்து எடுக்க வேண்டியும் வரலாம்.

இரண்டாமவர் பாளையங்கோட்டையில் ஒரு பெரியம்மா, 66 வயது, இருபது வருடச் சர்க்கரை. பி.டி.எச். 50, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் குறைவு, கால்சியம் கொஞ்சம் அதிகம். இவருக்கு முதலில் செய்ய வேண்டியது கால்சியம் மாத்திரையையும் வைட்டமின் டி மருந்தையும் குறைப்பது. எலும்பு கரைவதை நிறுத்தும் ஊசியைப் போட்டால், ஏற்கனவே நின்றுபோன எலும்பை இன்னும் நிறுத்துவதுபோல் ஆகிவிடும்.

அந்த ஊசிகளைப் பற்றி எச்சரிக்கையாகவே சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை ஏற்றும் ஜோலெட்ரானிக் ஆசிட் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. கிட்னியின் வடிகட்டும் திறன் 35க்குக் கீழே போனவர்களுக்கு எலும்புப்புரைக்காக அதைத் தரக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் கிட்னி வழியாக வெளியேறுவதில்லை. ஆனால் முற்றிய கிட்னி நோயாளிகளுக்குக் கால்சியத்தை ஆபத்தான அளவுக்குக் கீழே இறக்கிவிடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 ஜனவரியில் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. சில நோயாளிகளுக்கு இந்த ஊசிகள் தேவைப்படவும் செய்யும். அதை எலும்பு டாக்டரும் கிட்னி டாக்டரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். எலும்பு டாக்டரிடம் போகும்போது கிட்னி ஃபைலையும் கையோடு கொண்டுபோங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

வருடத்துக்கு ஒருமுறை சுவரில் நிற்கவைத்து உயரத்தைக் குறித்துவையுங்கள். இளமையில் இருந்ததைவிட நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகு எக்ஸ்ரே கேட்க வேண்டிய நேரம். கோலம் போட்டுவிட்டு எழுந்திருக்கக் கையூன்ற வேண்டியிருப்பது, படி ஏறும்போது தொடையில் வலு இல்லாமல் போவது, இடுப்பிலும் விலாவிலும் ஆழமான வலி, தீராத அரிப்பு. இவை எல்லாம் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை.

கால் உளைச்சலுக்கு என்ன செய்கிறோம்? “அண்ணாச்சி, காலு ரெண்டும் உளையுது, ஒரு மாத்திரை குடுங்க” என்று மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் மிச்சமிருக்கும் கிட்னியையும் கெடுக்கும். கிட்னி கெடக் கெட எலும்பும் கெடும். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தச் சுற்றுதான், ஏனென்றால் இது தடுக்கக் கூடியது. மருந்துக் கடையில் எதைக் கேட்பதற்கு முன்னும் “எனக்குக் கிட்னி கோளாறு இருக்கு” என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டில் நம் ஊருக்கென்று சில நம்பிக்கைகள் இருக்கின்றன. இடுப்புக்கு உளுந்தங்களி, எலும்புக்கு ஆட்டுக்கால் சூப், முறிவுக்குப் பிரண்டைத் துவையல். கிட்னி நன்றாக இருப்பவர்கள் தாராளமாகச் சாப்பிடட்டும். கிட்னி நோயாளிக்கு அன்போடு செய்துகொடுக்கும் இதே சாப்பாடு பாரமாகலாம். ஆட்டுக்கால் சூப்பில் நினைப்பதுபோல் கால்சியம் அதிகம் இறங்குவதில்லை, உப்பும் பாஸ்பரஸும் இறங்கும். பிரண்டையில் ஆக்சலேட் உண்டு, பழுதான கிட்னிக்கு அது நல்லதில்லை. முள்ளோடு சாப்பிடும் நெத்திலிக் கருவாட்டில் பாஸ்பரஸும் உப்பும் நிறைய. உளுந்தில் உள்ள பாஸ்பரஸை உடம்பு முழுசாக எடுத்துக்கொள்வதில்லை, அதனால் அதைக் கண்டு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. ஆனால் உளுந்திலும் கருப்பட்டியிலும் உள்ள பொட்டாசியத்தை யோசிக்க வேண்டும். உண்மையில் இவற்றைவிட மோசம் கறுப்பு நிறக் குளிர்பானங்களும் பாக்கெட்டில் வரும் பதப்படுத்திய தின்பண்டங்களும்தான். அவற்றில் சேர்க்கும் பாஸ்பேட்டைக் குடல் ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சிவிடும்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்களும் இந்தப் பரிசோதனைகளை விட்டுவிடக் கூடாது. பொருத்திய முதல் வருடத்தில், ஸ்டீராய்டு மருந்தின் காரணமாக, எலும்பு இழப்பு வேகமாக நடக்கலாம்.

டயாலிசிஸ் செலவு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது. எலும்புக்கான எந்தெந்த ரத்தப் பரிசோதனை அதற்குள் வரும், எதற்குக் கையில் இருந்து கட்ட வேண்டும் என்று டயாலிசிஸ் பிரிவிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில், அது பாளையங்கோட்டை ஹைகிரவுண்டாக இருந்தாலும் வேறு எதுவாக இருந்தாலும், மாதாந்திர ரத்தம் எடுக்கும் நாளில் “பி.டி.எச். கடைசியா எப்ப எடுத்தது?” என்று கேட்டாலே போதும், சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்துச் சொல்வார்கள். எல்லா லேப் சீட்டையும் தேதிவாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். டெக்ஸா எடுத்தால் எந்த ஊரில், எந்த மிஷினில், எந்தக் கையில் எடுத்தது என்று அந்தச் சீட்டின் மேலேயே எழுதிவையுங்கள். மிஷின் மாறினால் எண்ணும் மாறும், அடுத்த தடவை அதே மிஷினில் எடுத்தால்தான் எலும்பு கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று ஒப்பிட முடியும்.